தீப்பொறி எங்கே நின்றது?

மோட்டார்ப் பக்கம்



பிரித்தானியாவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர் சிலர் இன்றும் இருக்கிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு; சிலருக்கு ஊர் ஞாபகம். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றால் மொறிஸ் மைனர், ஆஸ்ரின் ஏ40 என்றிருந்த காலத்தை மூத்த அங்கத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடையாமற் போனபோது, அதே கார்கள் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடவைத்தவர்கள் ஒரு குறடும் ஒரு ஸ்குறூ டிறைவரும் வைத்திருந்த நமது ஊர் மெக்கானிக்குகளே. இயந்திரம் எளிமையானது, அதன் ஒழுங்கை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்த கார் நடுவழியில் நின்றுவிட்டால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதே இம்மாத விடயம். இக்னிஷன் பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. மோட்டர்வேயில் கார் நின்றால் பொன்னெற்றைத் திறக்கவே வேண்டாம். எல்லோரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் நின்று, உதவிக்கு அழைக்க வேண்டும். அங்கே முக்கோண எச்சரிக்கைப் பலகையும் வைக்கக்கூடாது. மற்றைய வீதிகளில் காருக்குப் பின்னால் குறைந்தது 45 மீற்றர் தள்ளி அதை வைக்கலாம். பழைய கார்கள் பலவற்றில் நான்கு பக்கமும் மின்னும் அபாய விளக்கு இல்லை என்பதால் இந்தப் பலகை மிகவும் அவசியம். கீழே சொல்லும் சோதனைகள் யாவும், வீதியை விட்டு முற்றாக ஒதுங்கி நிற்கும் காருக்கே பொருந்தும்.

இனி, பொறி பிறக்கும் விதம். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றறிங் உருவாக்கி, 1910ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் பூட்டப்பட்ட முறைதான் பின்னர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் வழங்கியது. பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் சாவி வழியாக இக்னிஷன் கொயிலுக்கு வருகிறது. டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்ற் மூடியிருக்கும்போது கொயிலின் முதற் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. பொயின்ற் திறந்தவுடன் அது அறுபட, இரண்டாம் சுற்றில் 10,000 வோல்ற்றுக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. அதைச் சுழலும் றோட்டர் வாங்கி, மூடியின் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பங்கிடுகிறது. பொயின்ற்றோடு சேர்ந்திருக்கும் சிறிய உருளைதான் கொன்டென்சர். பொயின்ற் திறக்கும் இடத்திலேயே பொறி பாய்ந்து வீணாகாமல் தடுத்து, மின்னோட்டம் சட்டென்று அறுபட உதவுவது அதுவே. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால், செக்கனுக்கு 100 தடவை இத்தனையும் நடக்க வேண்டும்.

கார் எப்படி நின்றது என்பதே முதற் சாட்சி. சாவியைத் திருப்பி நிறுத்தியது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் இக்னிஷன் கோளாறு. குலுங்கி, இழுத்து, மெல்ல மெல்ல வலுவிழந்து நின்றால் முதலிற் பெற்றோலைச் சந்தேகிக்க வேண்டும். இது முழு நிச்சயமன்று. ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லும்.

ஓர் உதாரணம். வேல்ஸில் 1973இல் ஸ்தாபிக்கப்பட்ட ஸ்கந்தவேல் ஆலயத்துக்கு நமது நண்பர் ஒருவருடைய மொறிஸ் மைனரில் ஓர் ஐப்பசி மாதம் சென்றோம். பின் ஆசனத்தில் நண்பரின் தாயார், வயது 78. ஏ40 வீதியில் பிறெக்கன் நகரைத் தாண்டி லாண்டவரி நோக்கிப் போகையில் கார் இரண்டு தடவை வெடித்து நின்றது. 20 நிமிடம் ஆறியதும் தானாகவே ஸ்ராட் ஆயிற்று. நாலு மைல் போய் மறுபடியும் நின்றது. நல்ல வேளையாக ஓர் ஒதுக்கிடம் கிடைத்தது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவின் இரவு மருந்து, போய்ச் சேர வேண்டிய விடுதியில் முன்னரே கொண்டுபோய் வைத்த பெட்டியில் இருந்தது.

“தம்பி, இருட்டமுன்னம் போய்ச் சேருவமோ?” என்று அம்மா கேட்டா.

“அண்ணை, ஆறினால் திரும்ப ஸ்ராட் ஆகும்தானே, கொஞ்சம் பொறுப்பமே?” என்றார் நண்பர்.

“ஆறினால் பிழை ஒளிச்சுப்போம். இப்பவே பாப்பம்” என்றேன்.

காய்ச்சல் இருக்கும்போதுதான் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். சூட்டில் வரும் கோளாறு ஆறியபின் சோதனையில் அகப்படாது. ஆகவே உடனேயே, பிளக்கிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு படியாகப் பார்த்தோம். அந்த ஒழுங்கு இதுதான்:

1. ஸ்ராட்டர் வேகமாகச் சுற்றுகிறதா? சுற்றினால் பற்றரி குற்றவாளி அன்று.

2. ஒரு பிளக் வயரைக் கழற்றி, மேலதிக பிளக் ஒன்றை அதிற் செருகி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தில் நன்றாகத் தொடும்படி வைத்து ஸ்ராட்டரைச் சுற்ற வேண்டும். கையாற் பிடிக்கக் கூடாது. பெற்றோல் மணம் இருந்தால் இச்சோதனையே வேண்டாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குக் கிட்டவும் வரலாகாது. நீலநிறமான, ‘டிக் டிக்’ என்று கேட்கும் பொறி வந்தால் இக்னிஷன் நலம். பெற்றோல் பக்கம் பாருங்கள். எங்களுக்குப் பொறி வரவில்லை.

3. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த வயரைக் கழற்றி, உடுப்புக்கு மாட்டும் காய்ந்த மரக் கிளிப்பினாற் பிடித்து, அதன் நுனியை இயந்திர உலோகத்துக்கு 5 மில்லிமீற்றர் அளவு கிட்ட வைத்துச் சுற்ற வேண்டும். இங்கே நல்ல பொறி வந்து பிளக்கில் வராவிட்டால், பிழை இடையில் இருக்கும் மூடியிலோ றோட்டரிலோதான். மூடிக்குள் ஈரம், வெடிப்பு, கரிக்கோடு உண்டா என்று பார்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். எங்களுக்கு இங்கும் வந்தது மெலிந்த மஞ்சட் பொறி. ஆகவே மூடியையும் றோட்டரையும் விட்டுவிட்டுப் பின்னே போனோம்.

4. இரண்டு வயர் பொருத்திய 12 வோல்ற் சிறு பல்ப் ஒன்றே அடுத்த சோதனைக்குப் போதும். ஒரு வயரை உலோக உடலில் வைத்து, மற்றதைக் கொயிலில் சாவிப் பக்கத்து முனையில் வைத்தால் பல்ப் எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவி, வயர் ஆகியவற்றைத் தேடுங்கள். பிறகு டிஸ்ரிபியூற்றர்ப் பக்கத்து முனையில் வைத்து ஸ்ராட்டரைச் சுற்றினால் பல்ப் விட்டுவிட்டு மின்ன வேண்டும். விடாமல் எரிந்தால் பொயின்ற் மூடவில்லை, அல்லது அழுக்குப் படிந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் பொயின்ற் பக்கம் உடலோடு தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது கொயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது. எங்கள் பல்ப் ஒழுங்காக மின்னியது.

5. மூடியைத் திறந்து பொயின்ற்றைப் பாருங்கள். மொறிஸ் மைனர் 1000 காரில் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். சாவி போட்டபடி, மூடிய பொயின்ற்றை ஸ்குறூ டிறைவரால் மெல்லத் திறக்கும்போது அதில் மிகச் சிறிய பொறிதான் தெரிய வேண்டும். எங்களுடையதில் வெள்ளையாகப் பெரிய பொறி பாய்ந்தது.

பல்ப் சொன்ன செய்தியையும், மெலிந்த கொயிற் பொறியையும், பொயின்ற்றில் பாய்ந்த பெரிய பொறியையும் சேர்த்துப் பார்த்தால் விரல் காட்டுவது கொன்டென்சரை. அது இரு கிழமைக்கு முன் பூட்டிய புதுச் சாமான். கழற்றிய பழையதை நண்பர் எறியாமல் தகரப் பேணியில் வைத்திருந்தார். ஒரே ஒரு ஸ்குறூ, ஒரு வயர். 10 நிமிடத்திற் பழையதைப் பூட்டினோம். முதற் சுற்றிலேயே இயந்திரம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் மருந்து நேரத்துக்கு முன் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, ஊகித்துச் சாமான் மாற்றக் கூடாது. ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்துக்குரிய இடத்தைக் குறுக்க வேண்டும். இரண்டு, ஒரு நேரத்தில் ஒரு சாமானை மாத்திரம் மாற்ற வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால் நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது. புதிய பிழையும் சேரலாம். மூன்று, புதியது என்பதற்காக நல்லது என்று எண்ணக்கூடாது. இக்காலத்தில் வரும் கொன்டென்சர், றோட்டர் ஆகியவற்றில் தரமற்றவை கலந்திருப்பது பழைய கார்க்காரர் யாவரும் அறிந்த சங்கதி. ஓடி நிரூபித்த பழைய சாமானே பயணத்துக்கு நல்ல துணை.

ஆகவே காரில் ஒரு சிறு பெட்டி வைத்திருங்கள். ஓடிப் பார்த்த கொன்டென்சர், பொயின்ற், றோட்டர், ஒரு பிளக், வயர் பொருத்திய பல்ப், ஸ்குறூ டிறைவர், இடைவெளி அளக்கும் தகடு, காய்ந்த துணி, மரக் கிளிப், கைவிளக்கு, முக்கோணப் பலகை, ஒளிரும் மேற்சட்டை ஆகியவை போதும். முதியோர் வருவதானால் அவர்களது மருந்தும் ஒரு கம்பளியும் எப்போதும் கைக்கெட்டிய இடத்தில் இருக்க வேண்டும். பொயின்ற்றுக்குப் பதிலாக மின்னணுச் சாதனம் பூட்டியவர்கள் கழற்றிய பொயின்ற் தட்டையும் கொன்டென்சரையும் பெட்டியில் வையுங்கள். இயந்திரம் ஓடாதபோது சாவியை நெடுநேரம் போட்டு வைத்தல் வேண்டாம். கொயில் சூடேறிப் பழுதாகும்.

40 வருடத்துக்கு மேற்பட்ட கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 2018 முதல் வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. சட்டம் கேட்காவிட்டாலும், காரைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது ஓட்டுபவரின் கடமையே. நீண்ட பயணத்துக்கு முந்திய கிழமை மூடியைத் திறந்து கால் மணி நேரம் செலவழியுங்கள். அப்போது மாற்றிய எந்தச் சாமானையும் ஊருக்குள் 20 மைலாவது ஓடிப் பார்த்த பின்பே தூரப் பயணம் புறப்படுங்கள்.

பொறி நன்றாக வந்தும் கார் நின்றால் என்ன செய்வது? பெற்றோற் பம்ப், காபரேற்றர், 2021 முதல் இங்கு விற்பனையாகும் ஈ10 பெற்றோல் ஆகியவை பற்றி அடுத்த இதழிற் பார்ப்போம்.