120 அடி எங்கே இருக்கிறது?

படகின் அடியிலிருந்து நீருக்குள் ஒலித்துடிப்புகளை அனுப்பி, அவை தரையிலோ மீனின் காற்றுப்பையிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி எக்கோ சவுண்டர். ஆயிரம் அடி ஆழத்திலும் அது தானாகவே இயங்கும், எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை என்று கூறும் விளம்பரம் ஒன்று இவ்வாரம் கைபேசிகளில் உலவியது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தருமபுரிக் கரையில், நாகமரையிலும் ஒட்டனூரிலும் வலை விரித்துப் பிழைப்போரிடம் இப்படிச் சொல்லிக் காசு கேட்பது அநியாயம்.

ஒலி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அலைவெண். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி அகலப் பரவி வெகுதூரம் இறங்குவதால் ஆழ்கடலுக்கு ஏற்றது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி விரைவில் வலுவிழந்தாலும் நுணுக்கமாகக் காட்டுவதால் நீர்த்தேக்கத்துக்கு அதுவே போதும். திரையின் ஆழ வரம்பை ஆயிரம் அடிக்கு வைத்தால் முப்பது அடி நீர் மேல்விளிம்பில் ஒரு கீற்றாக ஒடுங்கிவிடும். திரும்பும் ஒலியைப் பெருக்கிக் காட்டும் உணர்திறனை அளவுக்கு மீறி ஏற்றினால், வெள்ளக்காலக் கலங்கலில் மிதக்கும் தூசெல்லாம் மீனாகத் தெரியும். ஆகவே வரம்பை வைக்க, தான் நிற்கும் இடத்து ஆழம் ஏறத்தாழ எவ்வளவு என்பதை மீனவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

அதைத்தான் எவரும் சொல்வதில்லை. அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என நாள்தோறும் அச்சாகும் எண், கடல்மட்டத்துக்கு 670 அடி உயரத்திலிருந்து எண்ணப்படுவது. நிரம்பிய மட்டமான 120 அடி என்பது கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி. ஒகேனக்கல்லை நோக்கி மேலேறும் ஆற்றுப்படுகையில் அதே நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஆழம் குறைந்துகொண்டே போகும் என்ற விளக்கம் அச்செய்தியில் ஒருநாளும் இடம்பெறுவதில்லை. இக்குறை தீரும்வரை அதை எழுப்பியே ஆக வேண்டும்.

ஏனெனில் குறை அடியெண்ணோடு முடியவில்லை. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது குறிக்கப்பட்ட 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) கொள்ளளவே இன்றும் சொல்லப்படுகிறது. காவிரியின் ஒவ்வொரு வெள்ளமும் மண்ணைச் சுமந்து வருகிறது. நீரின் வேகம் தணியும் தலைப்பகுதியில், அதாவது தருமபுரிப் பக்கத்தில், பருமணல் முதலில் இறங்க, நுண்ணிய வண்டல் அணையை நோக்கிப் போய்ப் படிகிறது. 2017 மே மாதத்தில் வண்டலை அள்ளும் பணி தொடங்கியபோது அது பெரிய செய்தியாயிற்று. எவ்வளவு படிந்திருக்கிறது என்ற கேள்வி அப்போதும் பின்தங்கிப் போயிற்று.

அதை அளப்பதும் மீன் தேடும் இதே ஒலிதான். உயர் அலைவெண் மென்சேற்றின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்ப, தாழ் அலைவெண் சேற்றை ஊடுருவிப் பழைய கெட்டித்தரையிலிருந்து திரும்புவதால், திரையில் எழும் இரண்டு கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளியே வண்டலின் கனமாகும். மணல் இறுகிய இடத்தில் இம்முறை அவ்வளவு உதவாது. அங்கே இன்றைய ஆழத்தை அணைக்கு முந்தைய நில அளவைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இவ்வாறு அளந்து வரையும் ஆழப்படத்தை நாகமரைத் துறையிலும் ஒட்டனூர்த் துறையிலும் தமிழில் எழுதி ஒட்டி, அன்றன்றைய நீர்மட்டத்துக்கு எந்த இடத்தில் எத்தனை அடி நீர் நிற்கும் என்ற அட்டவணையையும் அதனுடன் சேர்ப்பது நீர்வளத் துறையின் கடமை.