படக்கருவி எவர் கையில்? பேச்சு எவர் மொழியில்?

ஓரினத்தின் வாழ்வைப் படமெடுத்துக் காட்டுவதாலேயே அஃது உண்மையாகிவிடாது. எடுப்பவர் எவர், பேசுபவர் எவர், எம்மொழியில் பேசுகின்றார் என்னும் மூன்றும் தெளிவுற்றாலன்றி, எந்த ஆவணப்படமும் ஆவணம் ஆகாது.

1922-இல் வெளிவந்த ‘வடபுல நானூக்’ என்னும் படத்தை ஆவணப்படங்களின் முன்னோடி என்று உலகம் போற்றுகின்றது. கனடாவின் வடபுலத்தே, அட்சன் வளைகுடாக் கரையில் வாழ்ந்த இனுயிட்டு மக்களை, இராபர்ட் பிளாகெர்ட்டி என்னும் அமெரிக்கர் படமெடுத்தார். அப்படத்தின் அழகு மறுக்கவியலாதது. ஆயினும், நானூக் என்று காட்டப்பட்டவரின் உண்மைப் பெயர் அல்லக்கரியல்லக். மனைவியெனக் காட்டப்பட்டவர் அவருடைய மனைவியல்லர். சுடுகலன் கொண்டு வேட்டையாடப் பழகிவிட்ட மக்கள், படத்திற்காகப் பழைய எறியீட்டியை ஏந்தினர். ஒளி போதாமையால் பாதியாகவே கட்டிய பனிவீட்டினுள் உறங்கியெழுவதாக நடித்தனர். ஊமைப்படமாகையால் அவர்தம் குரல் கேட்கவில்லை. இடையிடையே வந்த எழுத்துரையோ ஆங்கிலம்!

அவ்வினத்தார் பின்னர் என்செய்தனர்? இக்குலூலிக் என்னும் சிற்றூரார், தம்மொழியில் நிகழ்ச்சி வாராத தொலைக்காட்சி வேண்டா என்று 1975-இலும் 1979-இலும் ஒப்போலையிட்டு மறுத்தனர். இனுயிட்டு ஒளிபரப்பு அமைப்புத் தோன்றிய பின்னரே, 1983-இல் அதனை ஏற்றனர். அவ்வூரைச் சேர்ந்த சக்காரியசு குனுக், 1990-இல் தோழர்களுடன் ‘இசுமா’ என்னும் படநிறுவனத்தைத் தொடங்கினார். 2010-இல் அவரும் இயன் மாரோவும் வெளியிட்ட ஆவணப்படத்தில், பனி உருகுவதையும் வானிலை மாறுவதையும் இனுயிட்டு முதியோர் தாய்மொழியிலேயே விளக்குகின்றனர். அயலார் காட்சிப்பொருளாக்கிய இனம், தானே சான்றுரைக்கும் இனமாக நிமிர்ந்தது.

இதிலிருந்து தமிழர்க்கு இரு கடமைகள் பிறக்கின்றன. ஈழ மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேசியத் தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழரைப் படமெடுப்போர், அவர்தம் பேச்சை அடக்கி ஆங்கில உரையால் மூடலாகாது. இஃது ஒன்று. நீலமலைத் தோடரையும் கோத்தரையும் படமெடுக்கச் செல்லும் தமிழர், அவர்கள்முன் இன்னொரு பிளாகெர்ட்டியாக நிற்றல் ஆகாது. இஃது அதனினும் பெரிது. அம்மக்கட்குத் தனித்தனி மொழிகள் உண்டு. அவர்தம் குரல் அம்மொழிகளிலேயே ஒலிக்கட்டும். தமிழ் அடியில் எழுத்தாக நின்றால் போதும். நாளடைவில் படக்கருவியையும் அவ்வின இளைஞர் கையிலேயே ஒப்படைத்தல் முறையாம்.

தன்மொழிக்கு உரிமை கேட்கும் இனம், பிறமொழியின் வாயை அடைத்தல் அறமன்று!