எஞ்சின் மாற்றிய அத்தானும் பேரேடு எழுதிய நானும்

பி.காம். படித்தவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? தேய்மானம் தெரியும், இன்ஷூரன்ஸ் தெரியும், மாசா மாசம் கட்டுகிற தவணை நன்றாகவே தெரியும். பானெட்டைத் தூக்கினால் மட்டும், அடுத்தவர் வீட்டு பீரோவைத் திறந்துவிட்ட மாதிரி சட்டென்று மூடிவிடத் தோன்றும். அப்படிப்பட்ட என் கையில், போன வருஷம் ஒரு கார் எஞ்சினுக்குக் கணக்கு எழுதும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அம்மாவுக்குத் துணையாகக் கலிஃபோர்னியாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து மாச வாசம். லீவு கேட்க எனக்கு ஆபீஸ் கிடையாது. எழுதியதை ஈமெயிலில் தட்டிவிட்டால் போதும். இறங்கிய மறுநாள் காலை, காபி டம்ளரோடு கராஜை எட்டிப் பார்த்தேன். மூக்கு நீண்டு, பின்பக்கம் சரிந்து, இரண்டே பேர் உட்காரும்படி ஓர் ஆரஞ்சு நிறக் கார். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மச்சான், அந்தப் பதினாலு ஸ்பேனரை எடு!" என்றது கார்.

அத்தான் மெக்கானிக்கல் படித்துவிட்டு இருபத்தெட்டு வருஷமாக ஸாஃப்ட்வேர் தட்டுகிறவர். ஐம்பத்திரண்டாவது வயதில் திடீரென்று, "படிச்ச படிப்புக்கு ஒரு நட்டையாவது முடுக்கிட்டுத்தான் சாகணும்" என்று கிளம்பிவிட்டார். இந்த வயதில் சிலர் சபரிமலைக்கு மாலை போடுவார்கள். அத்தான் டாட்ஸன் 240 ஸீ வாங்கினார்.

நிஸ்ஸான் கம்பெனி 1969-ல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. ஜப்பானில் அதற்கு 'ஃபேர்லேடி' என்று பேர். அமெரிக்காவில் விற்பனையைப் பார்த்துக்கொண்ட யுடாகா கடயாமா, "ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படி ஒரு பேரா!" என்று அந்த எழுத்துக்களைக் கழற்றிவிட்டு, 240 ஸீ என்று மாட்டினார். ஆறு சிலிண்டர், 2,393 சி.சி., இரட்டை கார்புரேட்டர், விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காருக்குக் காசு பத்தாத வாலிபர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மேலிடம் வைத்த பேரை மாற்றிய கடயாமா 105 வயது வாழ்ந்து 2015-ல்தான் காலமானார் என்பதை, மேனேஜருக்குப் பயப்படும் வாசகர்கள் கவனிக்கவும்.

அப்படி அள்ளிய வாலிபர்களில் ஒருவர்தான் எதிர்வீட்டுத் தாத்தா. 1972-ல் புதுசாக வாங்கி, ஐம்பது வருஷம் தானே ரிப்பேர் பார்த்து ஓட்டியவர். கண் பார்வை மங்கி லைசென்ஸ் போனதும், முன்பின் தெரியாதவனுக்கு விற்க மனசில்லாமல், தெருவைத் தாண்டி அத்தானிடம் கொடுத்தார். எஞ்சின் புகை விட ஆரம்பித்திருந்தது. அதைப் பிரித்து மராமத்து செய்கிற காசில் டர்போ எஞ்சினே போட்டுவிடலாம் என்பது அத்தானின் வாதம். தாத்தாவிடம் போய்ச் சொன்னார். தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அறுக்காதே."

அக்காவின் நிபந்தனை கொஞ்சம் நீளம். "ஏங்க, நீங்க என்ன வேணா மாட்டுங்க, கழட்டுங்க. ஆனா ஒவ்வொரு டாலருக்கும் எனக்குக் கணக்கு வரணும். தம்பி சும்மாதானே இருக்கான், எழுதட்டும்."

அத்தான் சொன்ன பட்ஜெட் 4,000 டாலர். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுதிக்கொண்டேன்.

*

டர்போ என்றால் என்ன என்று அத்தான் எனக்கு மூன்று தடவை விளக்கினார். மூன்றாவது தடவை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம ஊதாங்குழல்தானேப்பா?" என்றாள்.

அதேதான். அடுப்பில் காற்றை ஊதினால் விறகு நன்றாக எரிகிற மாதிரி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், கூடுதல் பலம் கிடைக்கும். ஊதுவது யார் என்பதில்தான் சாமர்த்தியம். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை, போகிற போக்கில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடும். அந்தச் சக்கரத்தோடு ஒரே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து உள்ளே அழுத்தும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலே போகுமாம். 1905-லேயே சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரெட் பியூக்கி இதற்குப் பேடன்ட் வாங்கிவிட்டார். வீணாய்ப் போகிறதை வரவில் சேர்த்தவர் என்பதால், அவரை நான் கௌரவ பி.காம். ஆகவே கருதுகிறேன்.

"பழைய எஞ்சின் எத்தனை குதிரை அத்தான்?"

"151."

"புதுசு?"

"180."

"இருபத்தொன்பது குதிரைக்கா இவ்வளவு பாடு?"

அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்த 151 பழைய காலத்து கிராஸ் கணக்கு மச்சான். சைலன்ஸர், ஃபேன் எதையும் மாட்டாம எஞ்சினை மட்டும் தனியா ஓட்டி அளக்கறது. இந்த 180 நெட். எல்லாம் மாட்டின பிறகு வர்றது."

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதோ? கிராஸ் சம்பளத்தைச் சொல்லிப் பெண் பார்த்து, நெட் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் ஊர்க்காரன் நான்.

அந்த 180 குதிரை எஞ்சின், அதே கம்பெனி 1981 முதல் 1983 வரை அமெரிக்காவில் விற்ற 280 ஸீஎக்ஸ் டர்போ காருடையது. 2,753 சி.சி. பழசும் புதுசும் ஒரே 'எல்' வரிசை எஞ்சின்கள். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. பழையவன் உட்கார்ந்த தாங்கியிலேயே புதியவனும் உட்கார்ந்துவிடுவான். இதே காரில் பெரிய பெரிய வி-எட்டு எஞ்சின்களைத் திணிக்கிறவர்களும் உண்டு. அதற்குப் புதுத் தாங்கி செய்ய வேண்டும். சில எஞ்சின்களுக்கு வண்டியின் உடம்பையே வெட்டி ஒட்ட வேண்டும். தாத்தா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அத்தான் இந்த எஞ்சினைப் பிடித்திருந்தார்.

பக்கவாட்டில் இடிபட்டு நசுங்கிக் கிடந்த ஒரு 1983 மாடலை முழுசாகவே வாங்கினார். எஞ்சினை மட்டும் வாங்கினால் அதற்குண்டான கம்ப்யூட்டர், வயரிங், சென்ஸார் என்று தேடித் தேடியே ஆயுசு முடிந்துவிடுமாம்.

"இதெல்லாம் கவர்ன்மென்ட்ல ஒத்துப்பாங்களா?" என்று கேட்டேன். கலிஃபோர்னியாவில் 1975-க்கும் அதற்கு முன்னாலும் வந்த பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1972 மாடல் தப்பித்தது. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் சொல்லியிருக்கிறது. நம் அம்பாசடருக்குக் கூட, 90-களில் ஜப்பானிய இஸுஸு எஞ்சினை மாட்டியது கம்பெனியேதான். வீட்டுக்காரர் மாற்றினால் வாஸ்து, குடித்தனக்காரர் மாற்றினால் கேஸ்!

*

இத்தாலியில் லூகா பாசியோலி என்கிற சாமியார் 1494-ல் அச்சிட்ட புத்தகத்தில் இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயாவது ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும். கார் எஞ்சினுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதை நான் கராஜில்தான் கண்டுபிடித்தேன். குதிரை வந்தால் கொள்ளு, லாடம், லாயம் எல்லாம் பின்னாலேயே வருகிறது.

பலம் கூடியது, பழைய க்ளட்ச் வழுக்கும். மாற்று. கியர் பாக்ஸும் ஐந்து கியருள்ள வேறு ஒன்று. பின்சக்கரத்துக்கு நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல் சின்னது, பெரிசு வேண்டும். கார்புரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவந்த பெட்ரோல் பம்ப், இஞ்செக்ஷனுக்குத் தேவையான அழுத்தத்தைக் கனவில்கூடக் கண்டதில்லை. மாற்று. சூடு அதிகம், ரேடியேட்டர் மாற்று. வேகமாகப் போகிற வண்டி நிற்கவும் வேண்டுமே? முன்பக்க டிஸ்க் பிரேக்குக்கு டொயோட்டா பிக்-அப் வண்டியின் காலிப்பரை எடுத்து மாட்டினார். ஜப்பானில் போட்டி போட்ட இரண்டு கம்பெனிகளும் அத்தான் கராஜில் சம்பந்தியானார்கள்.

பட்ஜெட் நாலாயிரம், ஏழாயிரத்தைத் தாண்டியபோது அக்கா நோட்டைக் கேட்டாள். இரண்டு பக்கம் படித்தாள். பிறகு அத்தானிடம் போய், "அந்தப் பழைய எஞ்சினை வித்துடுங்களேன், கொஞ்சமாவது ஈடுகட்டும்" என்றாள்.

நியாயமான யோசனை. அந்த மாடல் எஞ்சினுக்குக் கிராக்கி உண்டு. வாங்கிக்கொள்ள ஆளும் வந்தார், கையில் டாலரோடு.

அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் எண்ணைக் காட்டினார். பழைய எஞ்சினின் உடம்பில் பொறித்திருந்தது. அதே எண், காரின் முன்பக்க உட்புறத்தில் தகட்டிலும் இருந்தது. ஐம்பது வருஷமாகப் பிரியாத ஜோடி. எஞ்சினை விற்றுவிட்டால் தகடு மட்டும் ஒண்டியாக நிற்கும்.

எதிர்வீட்டு வாசலில், மடக்கு நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கேதான் உட்காருவார். அந்தக் கண்ணுக்கு எங்கள் கராஜ் ஒரு நிழலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் ஸ்பேனர் கீழே விழும்போதெல்லாம் தலையைத் திருப்புவார்.

டாலரோடு வந்தவர் டாலரோடு திரும்பிப் போனார். அக்கா அன்று ராத்திரி தட்டை மேஜையில் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

*

நாலாவது மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வைபவம். அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். அத்தான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, இருமியது, ஒருமுறை பட்டாசு மாதிரி வெடித்தது, அடங்கிவிட்டது. பத்துத் தடவை முயன்றும் அதேதான். பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் வருகிறது, உயிர் மட்டும் வரவில்லை. அத்தானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டில் மொத்தம் 8,640 டாலர்.

அப்போது எதிரே நாற்காலி கிரீச்சிட்டது. தாத்தா தடியை ஊன்றித் தெருவைத் தாண்டி வந்தார். காரைத் தொடவில்லை. "இன்னொரு தரம் திருப்பு" என்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். வித்வான் சுருதி கேட்கிற மாதிரி.

"டைமிங். ஆயில் பம்ப்பைக் கழற்றினாயா?"

கழற்றியிருந்தார் அத்தான். இந்த வரிசை எஞ்சினில் ஆயில் பம்ப்பையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் ஒரே தண்டுதான் சுற்றுகிறது. திரும்ப மாட்டும்போது அந்தத் தண்டு ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால்கூட, ஸ்பார்க் வேளைதப்பி வரும். தாத்தாவும் பல வருஷத்துக்கு முன்னால் இதே தப்பைச் செய்து ஒரு வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனாராம்.

ஒன்றரை மணி நேரம். தண்டை மறுபடி உட்காரவைத்து, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்ரோல் வாடை என்று சொன்னார்.

முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அத்தான் தாத்தாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

இருபது நிமிஷம் கழித்து வந்தார்கள். அத்தான் சாவியை அணைக்கப் போனபோது தாத்தா கையைப் பிடித்து, "ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும்" என்றார். வேகமாக ஓடிய டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்தால் பேரிங்கில் இருக்கிற ஆயில் கருகிக் கட்டிதட்டிவிடும். இந்தப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. 1962-லேயே ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி ஜெட்ஃபயர் என்று டர்போ கார் விற்றது. எஞ்சினைக் காப்பாற்ற மெத்தனால் கலந்த தண்ணீரைத் தனி டாங்கில் ஊற்றிவர வேண்டும். பல பேர் ஊற்றவில்லை. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பலம் வாங்குவது சுலபம். அதற்குப் பணிவிடை செய்வதுதான் கஷ்டம்.

"எப்படி இருந்தது?" என்று தாத்தாவைக் கேட்டேன்.

"என் காரைவிட வேகம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "என் கார்தான்" என்றார்.

*

நாங்கள் ஊர் திரும்பி எட்டு மாசமாகிறது. பழைய எஞ்சின் கராஜ் மூலையில் ஸ்டாண்டில் நிற்கிறது. அக்கா அதற்குப் பழைய போர்வை ஒன்று போர்த்தியிருக்கிறாள். மேலே கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி. ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு தாத்தா வருவாராம். அக்காவே பெட்டியை இறக்கி, போர்வையை எடுத்து, ஸ்பேனரைக் கையில் கொடுப்பாளாம். சிலிண்டரில் துளி ஆயில் விட்டு, கையாலேயே அரைச் சுற்று சுற்றிவைப்பார், துருப்பிடித்து இறுகிவிடாமல் இருக்க. எதையும் அறுக்கவில்லையே? என்றைக்கு வேண்டுமானாலும் அதே தாங்கியில் திரும்ப உட்கார்த்திவிடலாம். முடிந்ததும் அக்கா கையால் ஒரு காபி.

போன வாரம் போனில் அக்கா கேட்டாள்: "டேய், கணக்கை முடிச்சு அனுப்பவே இல்லையே? அந்தப் பழைய எஞ்சினை எதிலடா காட்டியிருக்கே? அதுக்கு நாம ஒரு டாலர்கூட வாங்கலையே!"

"சொத்துப் பக்கத்துலதான்கா காட்டியிருக்கேன்."

"என்ன பேர்ல?"

மூன்று வருஷம் பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம் கிடைத்தது.

"குட்வில்."