கட்டுரை நோட்டுக்கு ஒரு பயிற்சி வேண்டும்

ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. பணியில் இருப்பவர்களும் இதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, ஐம்பதைத் தொடப்போகும் டீச்சர்கள்கூட மதுரை மாட்டுத்தாவணி பஸ்ஸில் கைடும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரியா என்பது தனிப் பஞ்சாயத்து. என் கவலை வேறு. பி.எட். பரீட்சை எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு வேலைக்கு வந்து, பதவி உயர்வு வாங்கி, ஓய்வு பெறுகிற வரைக்கும் சொந்தமாக ஒரு பத்தி எழுதிக்காட்டு என்று ஓர் ஆசிரியரை யாரும் கேட்பதே இல்லை. அவரிடம்தான் நாற்பது பிள்ளைகளை ஒப்படைத்து, எழுதக் கற்றுக்கொடு என்கிறோம்.

வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். பயிற்சியே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலம் முழுக்க வந்தபோது அட்டை அடுக்கக் கற்றோம். அப்புறம் முப்பருவ முறை, மத்திய அரசின் நிஷ்தா பயிற்சி, 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனா முடிந்து எழுத்துக்கூட்ட மறந்து வந்த பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வாசிக்க வைத்ததில் அந்தத் திட்டத்துக்குப் பங்குண்டு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் உட்கார்ந்த பயிற்சி எதிலும் எழுத்து என்றால் வரிவடிவம், சொல்வதெழுதுதல், கோடிட்ட இடம் என்ற அளவில் நின்றுவிடும். ஒரு பிள்ளை தன் மனசில் கிடப்பதை நாலு வரியாக எப்படிக் கோக்கும், கோத்ததை எப்படித் திருத்திக்கொள்ளும் என்று பேச ஒரு மதியம்கூடக் கிடைத்ததில்லை.

பயிற்சி மேலிருந்து இறங்கும் விதமும் ஒரு காரணம். மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்வார், மாவட்டம் வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு. வைகை அணையில் திறந்த தண்ணீர் மானாமதுரைக்குப் போய்ச் சேர்ந்த கதைதான். கடைசியில் எங்களுக்கு வருவது பிபிடி மட்டும். கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, நாலரைக்குப் பஸ் பிடிப்போம்.

இன்னொன்று, எழுத்தை யாரும் அளப்பதில்லை. வீடு வீடாகப் போகும் அசர் ஆய்வு வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிறது. தேசிய அடைவு ஆய்வு வட்டம் நிரப்பும் தேர்வு. அளக்காத ஒன்றுக்கு அதிகாரிகள் கூட்டம் போடமாட்டார்கள்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 8 மதிப்பெண். குறிப்புகளையும் தாளிலேயே கொடுத்துவிடுவார்கள். முன்னுரை, நாலு உள்தலைப்பு, ஒரு மேற்கோள், முடிவுரை, அடிக்கோடு. கோனார் உரையில் கிடைக்காத முடிவுரை உண்டா? 5 மதிப்பெண்ணுக்கு ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு படம் வரும். கண்ணால் பார்த்ததை எழுத அந்தத் தாளில் இருக்கிற ஒரே இடம் அது. எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பாட்டை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்து அதையும் அடைத்துவிட்டோம். படத்தைப் பார்க்காமலே கவினுற எழுதிவிட்டுப் போகிறார்கள் பிள்ளைகள்.

ஒன்பதாம் வகுப்பில் ‘என் ஊர்’ என்று எழுதச் சொல்லியிருந்தேன். சோழவந்தான் பையன் ஒருவன் எழுதி வந்தது: எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர், மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள். பிழை ஒன்றுமில்லை. அப்படி ஓர் ஊர் தமிழ்நாட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எங்கேயும் இல்லாமலும் போகலாம். அவன் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. லீவு நாளில் இவனும் போவான். அதெல்லாம் கட்டுரையில் எழுதக்கூடாதது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது.

நான் சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை. நோட்டைப் பக்கத்துப் பெஞ்சில் கொடுத்து, அவனிடம் கேள்வி மட்டும் கேளுங்கள், திருத்தாதீர்கள் என்றேன்.

“கொடிய எதுலடா ஏத்துவீங்க?”

“அகத்தியில.”

“எதை வெச்சுக் கட்டுவீங்க?”

“வாழை நாரு.”

“மழ பேஞ்சா என்ன செய்வீங்க?”

“தண்ணி நின்னா வேர் அழுகிரும். எங்கப்பா ராத்திரியோட ராத்திரியா மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிருவாரு.”

மறுநாள் வந்த கட்டுரை அந்த ராத்திரியில் ஆரம்பித்தது. வாய்க்கால் வெட்டிவிட்டு வந்து, ஈரக் காலோடு திண்ணையில் உட்கார்ந்தே அப்பா தூங்கிப்போனது வரைக்கும் எழுதியிருந்தான். இயற்கை எழில் காணாமல் போயிருந்தது. எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது. அதை அடுத்த வாரம் பார்த்துக்கொண்டோம்.

இப்படிக் கேள்வி கேட்டு எழுத வைக்கிற வழி என் சொந்தச் சரக்கு இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஜேம்ஸ் கிரே என்பவர் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1974-இல் கோடை விடுமுறைக்கு ஆசிரியர்களைக் கூட்டினார். அங்கே ஆசிரியருக்கு ஆசிரியரே பயிற்சி தந்தார். முக்கியமாக, வந்தவர்கள் எல்லாரும் எழுதினார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துக் கருத்துச் சொன்னார்கள். இன்று அது அந்த நாடு முழுக்கப் பரவி தேசிய எழுத்துத் திட்டமாக நடக்கிறது.

நம்மூரிலும் செய்து பார்க்கலாம். ஒரு தடவை கருத்தாளராகப் போனபோது, ஆளுக்கொரு தாள் கொடுத்து, இன்று பள்ளிக்கு வந்த வழியைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். மூத்த கணக்கு சார் ஒருவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் எழுந்து, “மேடம், நாலு பாயிண்ட் குடுத்தீங்கன்னா டெவலப் பண்ணிருவேன்” என்றார். பாயிண்ட் தர முடியாது என்றதும் சமயநல்லூரில் பஸ் பஞ்சரான கதையை ஆரம்பித்தார். நேரம் முடிந்து தாளைக் கேட்டால் கையால் மறைத்துக்கொண்டு, “நாளைக்கு முடிச்சுத் தர்றேன்” என்கிறார்!

மதுரையில் இந்தப் பேச்சை எடுத்தால், பாரதியே 1904-இல் சேதுபதி பள்ளியில் தமிழ் வாத்தியார்தானே என்று யாராவது மைக்கைப் பிடித்துவிடுவார்கள். பாரதி வேண்டாம் அய்யா. தன் பள்ளியைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, அதைப் பக்கத்து ஆசிரியரிடம் கூச்சத்தோடு வாசித்துக்காட்டி, அவர் கேட்ட கேள்விக்காகத் திருப்பி எழுதுகிற ஒருவர் போதும். பிள்ளையின் தாளைப் பார்க்கும்போது அடிக்கோடு போட்டிருக்கிறதா என்று அவர் முதலில் தேடமாட்டார்.

நேரம் இல்லை, சிலபஸ் முடியாது, எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுகிற வேலை கிடக்கிறது என்பார்கள். எல்லாம் உண்மை. அதனால்தான் புதுத் திட்டம், புதுப் பெயர் எதையும் நான் கேட்கவில்லை. ஏற்கெனவே நடக்கிற குறுவள மையக் கூட்டங்களில் பருவத்துக்கு ஒன்றை இதற்கு விடுங்கள். டி. கல்லுப்பட்டியில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இதைக் கையில் எடுக்கலாம். நல்லதாக வந்தவற்றைப் போட, அரசே 2022-இல் தொடங்கிய ‘கனவு ஆசிரியர்’ இதழ் இருக்கிறது. பிள்ளைகள் எழுதினால் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’.

கூட்டத்துக்கு புரொஜக்டர் வேண்டாம். வெள்ளைத்தாள், பேனா, பதினொரு மணிக்கு டீ. கருத்தாளரும் எழுத வேண்டும். இடையில் ஆய்வுக்கு என்று அதிகாரி யாராவது வந்தால் அவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து உட்கார வையுங்கள்.