தாய்பாஷையில் நிலையியல்

பாரத்தைத் தாங்கி அசையாது நிற்கும் பொருள்களைப் பற்றிய சாஸ்திரம் நிலையியல். பாலம் ஏன் விழாமல் நிற்கிறது, கூரையின் உத்தரம் எவ்வளவு சுமை பொறுக்கும், சுவரில் சார்த்திய ஏணி எப்பொழுது சறுக்கும் என்பவற்றை ஆராய்வது அது. பொறியியற் கலாசாலையில் புகும் மாணாக்கர் முதல் வருஷத்திலோ, இரண்டாம் வருஷத் தொடக்கத்திலோ இதனைக் கற்கின்றனர். கட்டடம் எழுப்புவோர்க்கும் யந்திரம் அமைப்போர்க்கும் இதுவே கடைக்கால். ஆயினும் இக்கடைக்காலிலேயே தடுமாறுவோர் பலர். அவர்கள் தடுமாறுவது விஷயத்தின் கடுமையினாலா, பாஷையின் கடுமையினாலா? இதுவே நாம் இன்று ஆராயப் புகுந்த கேள்வி.

விருதுநகர் ஜில்லாவில் மேற்கு மலையின் அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அருகருகே இருக்கின்றன. முன்னதில் 11 நிலைகளும் சற்றேறக்குறைய 192 அடி உயரமும் கொண்ட கோபுரம் நிற்கிறது. ஆடிப் பூரத்தன்று ஆண்டாள் தேரை ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கின்றனர். பின்னதில் 1936-ஆம் வருஷம் முதற்கொண்டு நூற்பாலைத் தொழில் வேரூன்றி வளர்ந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-லும், ராஜபாளையத்தில் 2013-லும் பொறியியற் கலாசாலைகள் தோன்றின. ஆகவே விசையையும் பாரத்தையும் கண்ணாற் காணும் ஊர்களும், அவற்றைக் கணக்கிடக் கற்பிக்கும் கூடங்களும் ஒரே சாலையில் அமைந்திருக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் சுவர் எது?

நிலையியலின் மூலவிதிகள் இரண்டே. ஒரு பொருள் அசையாதிருக்க வேண்டுமாயின், அதன்மேல் வினைபுரியும் விசைகள் யாவும் ஒன்றையொன்று ஈடுசெய்தல் வேண்டும். அவ்விசைகளின் திருப்புத்திறன்களும் அவ்வாறே ஈடாதல் வேண்டும். இவற்றை அறியாத தொழிலாளி நம் நாட்டில் இல்லை. 6 அடி நீளமுள்ள தண்டில் 60 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டு இருவர் சுமந்து செல்கின்றனர் என்று கொள்வோம். தண்டின் பாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூட்டை முன்னவனிடமிருந்து 2 அடியில் தொங்கினால் அவன் தாங்குவது 40 கிலோ. பின்னவன் தாங்குவது 20 கிலோ. சுமை தன்பக்கம் நெருங்கி வந்தால் தோள் அதிகம் நோகும் என்பதை அறிந்தவன், திருப்புத்திறனைப் பெயர் அறியாமலே அறிந்தவனாவான்.

இன்னொன்று காண்க. 10 அடி இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவில் 10 கிலோ பாரத்தைத் தொங்கவிடுவோம். கயிறு அரை அடி மாத்திரமே தொய்ந்தால், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஏற்படும் இழுவிசை சற்றேறக்குறைய 50 கிலோ பாரத்திற்குச் சமம்! தொய்வு குறையக் குறைய இழுவிசை பெருகும்; தொய்வே இல்லாதபடி இழுத்துக் கட்டுவது எந்தக் கயிற்றாலும் இயலாது. அதிகம் இறுக்கிக் கட்டிய இழை சிறு பாரத்திலும் அறுந்துபோகும் என்பதைப் பாவு கட்டும் நெசவாளருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் மாணாக்கர் இடறும் இடம் யாது? கணக்கைப் படித்துப் படம் வரையும் இடமே அது. ஆராயும் பொருளைச் சுற்றுப்புறத்தினின்று தனியே பிரித்து, வெளியிலிருந்து அதன்மேல் வினைபுரியும் விசைகளை மாத்திரம் வரைதல் வேண்டும். ஏணியை எடுத்துக்கொண்டால், ஏணி சுவரைத் தள்ளும் விசைக்கு அப்படத்தில் இடமில்லை. சுவர் ஏணியைத் தள்ளும் விசைக்கே இடமுண்டு. நியாயஸ்தலத்தில் ஒரு வழக்கை எடுக்குமுன் கட்சிக்காரர் யார், அந்நியர் யார் என்று பிரித்தறிவது போன்றதே இது. கட்சிக்காரரைத் தவறாகக் குறித்தபின் வாதத்திறமை எவ்வளவு இருந்தும் பயன் என்ன? படம் பிழைத்தால் கணிதம் முழுவதும் பிழைத்ததுதான்.

படம் சரியாக அமைய வேண்டுமாயின் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். இச்சாஸ்திரத்தில் சாதாரணச் சொற்களே தனிப்பொருள் பெற்று வருகின்றன. தளம் வழவழப்பானது என்றால் உராய்வு இல்லை என்று கொள்ள வேண்டும். கோல் இலேசானது என்றால் அதன் எடையைப் புறக்கணிக்க வேண்டும். பொருள் நழுவும் தறுவாயில் இருக்கிறது என்றால் உராய்வு தன் உச்ச எல்லையை எட்டிவிட்டது என்று அறிய வேண்டும். தமிழில் ஒருமுறை விளக்கினால் நெஞ்சில் பதியும் இக்குறிப்புகள், ஆங்கில வாக்கியத்துள் மறைந்து வருங்கால், பள்ளியில் தமிழிலேயே பயின்று வந்த இளைஞருக்கு வெறும் அடைமொழிகளாகத் தோன்றி நழுவிப் போகின்றன. அவர் கணக்கில் தோற்பதற்கு முன்பே வாக்கியத்தில் தோற்றுவிடுகிறார். தோல்வியின் பழியோ அவரது அறிவின்மேல் சுமத்தப்படுகிறது!

இது சிலரைப் பற்றிய சிறு விஷயம் அன்று. சர்க்கார் பள்ளி மாணாக்கருக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் நமது ராஜ்யத்தில் நிறைவேறிற்று. அவர்களுக்குரிய கட்டணத்தைச் சர்க்காரே ஏற்கவும் முன்வந்தனர். இது போற்றத்தக்க செய்கை. ஆனால் கதவைத் திறந்து உள்ளே அழைத்தபின், அறையில் விளக்கேற்றாமல் விடுவது தர்மமாகுமா?

தமிழில் இத்தகைய சாஸ்திரங்களைக் கற்பிக்கச் சொற்கள் இல்லை என்று கூறுவோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக. ஐரோப்பாவில் லத்தீனே கற்றோர் பாஷையாக ஆண்ட காலத்தில், ஸைமன் ஸ்டெவின் என்னும் அறிஞர் 1586-இல் நிலையியலைப் பற்றித் தமது தாய்பாஷையாகிய டச்சு மொழியிலேயே நூல் எழுதினார். சரிவுத் தளத்தில் பாரங்கள் சமநிலை பெறும் விதியை அந்நூல் அழகுற நிறுவியது. ஒரு பக்கம் மற்றதைப்போல் இருமடங்கு நீளமுள்ள முக்கோணத்தின்மேல் சமமான குண்டுகள் கோத்த மாலையைப் போட்டால், அம்மாலை ஓயாது தானே சுழலாது. ஆகவே நீண்ட சரிவிலுள்ள நான்கு குண்டுகளும் குறுகிய சரிவிலுள்ள இரண்டு குண்டுகளும் சமநிலையில் நிற்கின்றன என்று அவர் காட்டினார். இல்லாத சொற்களை அவரே ஆக்கிக்கொண்டார். கணிதத்திற்கு டச்சு மொழியில் இன்றும் வழங்கும் பெயர் அவர் வகுத்த சொல்லினின்று வந்ததே. 1600-இல் லெய்டன் நகரில் பொறியாளரைப் பயிற்றும் பள்ளி ஏற்பட்டபொழுது, அதன் பாடமுறையை வகுத்தவரும் அவரே. அங்கே கற்பித்த பாஷை டச்சு. கலிலியோவும் உத்தரங்களின் வலிமையை ஆராய்ந்த தமது நூலை 1638-இல் இத்தாலிய மொழியிலேயே வெளியிட்டார். நிலையியல் ஆங்கிலத்தில் பிறந்ததும் அன்று. ஆங்கிலத்திற்கு மாத்திரம் உரியதும் அன்று.

நம் நாட்டிலும் முயற்சிக்குக் குறைவில்லை. 1916-லேயே சேலத்தில் ராஜாஜியும் அவரது நண்பர் வேங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று சங்கம் கண்டு பத்திரிகையும் நடத்தினர். 2010-இல் அண்ணா சர்வகலாசாலை கட்டடப் பொறியியலையும் யந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிற்று. தாய்பாஷைகளில் பொறியியல் கற்பிக்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றம் 2021-இல் இடமளித்தது. ஆனால் 2023-இல், சில உறுப்புக் கலாசாலைகளில் தமிழ்வழி வகுப்புகளை நிறுத்திவைப்பதாக ஓர் அறிவிப்பு வெளிவந்தது. சேர்வோர் தொகை குறைவு என்பது காரணமாகக் கூறப்பட்டது. கண்டனம் எழவே அவ்வறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது.

சேர்வோர் ஏன் குறைந்தனர் என்பதை உணர்ச்சியை ஒதுக்கி ஆராய்தல் வேண்டும். தமிழில் படித்தால் தனியார் தொழிற்சாலைகளில் வேலை கிட்டாது என்னும் அச்சமே இதற்கு முதற்காரணம் என்பது நமது அபிப்பிராயம். தமிழ்வழிக் கற்றோருக்குச் சர்க்கார் உத்தியோகங்களில் 20 சதவீதம் முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-லேயே வந்தும் அவ்வச்சம் முற்றும் நீங்கவில்லை. அதனை அற்பமென்று தள்ளுவதற்கில்லை; ஏழைத் தந்தை தன் மக்களின் பிழைப்பை வைத்துச் சூதாட விரும்பமாட்டான். வரைபடங்களும் விதிநூல்களும் தொழிற்சாலைக் கடிதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும் மெய்யே.

ஆகவே ஆங்கிலத்தை விலக்குக என்று நாம் கூறவில்லை. விஷயத்தைத் தமிழில் உணர்த்துக. உணர்ந்ததை ஆங்கிலத்திலும் சொல்லப் பழக்குக. இதுவே இயற்கையான வரிசை. ஆங்கில வகுப்பாயினும் முதல் சில வாரங்கள் தனிப்பொருட் படம், திருப்புத்திறன், உராய்வு ஆகியவற்றை உபாத்தியாயர்கள் தமிழில் விளக்கட்டும். ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு பாஷைகளிலும் அருகருகே அச்சிட்டுப் பாடநூல்கள் வரட்டும். வினாத்தாள் இரு மொழிகளிலும் அமைந்து, மாணாக்கர் விரும்பிய மொழியில் விடை எழுதும் உரிமை எங்கும் நிலைக்கட்டும். பாடக் கணக்குகளில் கண்டறியாத பனிச்சறுக்கு வண்டிகளுக்குப் பதிலாகத் தேரும், தறியும், ஏற்றமும் இடம் பெறட்டும்.

தேசத்தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழின் பெருமையை மேடைதோறும் முழங்குவது எளிது. உங்கள் ஊர்க் கலாசாலையில் இவ்வருஷம் சேர்ந்த சர்க்கார் பள்ளி மாணாக்கர் எத்தனை பேர், அவர்களுள் நிலையியலில் தேறாதவர் எத்தனை பேர் என்று விசாரித்து அறியுங்கள். அப்பாடத்தைக் கற்றுத் தேர்ந்த ஒருவரை அழைத்து, வாரம் இரண்டு மாலைகள் தமிழில் அவர்களுக்குப் பாடம் சொல்லச் செய்யுங்கள். அப்பாடத்திற் பயனடைந்து தேறும் ஒவ்வொருவரும், தமிழுக்கு வலிமை இல்லை என்று சொல்வோருக்கு நேரான மறுமொழியாவார்.