சுட்டவர் மீது வழக்கு எங்கே?

காவல் துறையினர் சுட்டதில் ஒருவர் இறக்கிறார். உடனே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அதில் குற்றம் சாட்டப்பட்டவராக இருப்பது பெரும்பாலும் இறந்தவர்தான். போலீஸாரைக் கொல்ல முயன்றார், அவர்கள் தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்பது புகார். குற்றவாளி உயிரோடு இல்லை என்று சொல்லி வழக்கு முடிக்கப்படுகிறது. சுட்டவர் அநேகமாக எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டிவருவதில்லை. இந்த ஏற்பாட்டை எதிர்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடியவர் வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான்.

1929-இல் மதுரையில் பிறந்து சென்னையில் படித்தவர். தொழிலும் போராட்டமும் ஹைதராபாத்தில். பார்வதிபுரம், செகந்திராபாத் சதி வழக்குகளில் நக்சலைட்டுகள் எனக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடினார். ஆதிலாபாத் விவசாயிகள் பூமய்யா, கிஷ்டா கௌட் இருவரின் தூக்கைத் தடுக்க முயன்ற வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். நெருக்கடி நிலையின் நடுவே, 1975 டிசம்பர் 1 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

நெருக்கடி நிலை முடிந்ததும், ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியில் முன்னாள் நீதிபதி வி.எம். தார்குண்டே தலைமையில் ஓர் உண்மையறியும் குழு அமைந்தது. ஆந்திரத்தில் ‘மோதல்’ என்று அறிவிக்கப்பட்ட சாவுகளை விசாரித்த அந்தக் குழுவில் கண்ணபிரான் முக்கியப் பங்காற்றினார். 1975 ஜூலையில் மேடக் மாவட்டம் கிராயிப்பள்ளிக் காட்டில் நான்கு இளைஞர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பிடித்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள், மோதல் எதுவும் நடக்கவில்லை என்றது குழு. அரசு பார்கவா ஆணையத்தை அமைத்தது. அதன் முன் கண்ணபிரானின் கேள்விகளுக்குப் போலீஸ் தரப்புச் சாட்சிகள் திணறியபோது, விசாரணையை மூடிய அறைக்குள் நடத்த முடிவானது. அவர் அதிலிருந்து வெளியேறினார்.

அவரை இரக்கத்தின் பிரதிநிதியாக மட்டும் நினைவுகூர்பவர்கள் அவருடைய வாதத்தின் வலிமையைத் தவறவிடுகிறார்கள். அவர் போலீஸாருக்கென்று தனிச் சட்டம் எதையும் கேட்கவில்லை. ஒரு மனிதன் இன்னொருவன் கையால் இறந்தால் கொலை வழக்குப் பதிய வேண்டும். தற்காப்புக்காகச் செய்தேன் என்றால், அதை நிறுவும் பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு சொன்னது இதுதான். வரப்புத் தகராறில் அரிவாளை எடுத்த விவசாயிக்குப் பொருந்தும் இந்த விதி, துப்பாக்கி வைத்திருக்கும் காவலருக்கு ஏன் பொருந்தாது? கேள்வி இவ்வளவு எளிமையானது என்பதால்தான் அரசுகளால் அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

1978 முதல் 1994 வரை அவர் தலைவராக இருந்த ஆந்திரப் பிரதேச சிவில் உரிமை அமைப்பு இந்தக் கேள்விக்காக உயிர்களை இழந்தது. அதன் துணைத் தலைவரும் குழந்தை மருத்துவருமான ராமநாதம் 1985-இல் வாரங்கலில் தம் கிளினிக்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1991-இல் அதே ஊரில் வழக்கறிஞர் நர்ரா பிரபாகர் ரெட்டி கொல்லப்பட்டார். கண்ணபிரான் தொடர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார். நண்பர்களைப் பறிகொடுத்துவிட்டு மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து வாதாடுவதற்கு, சட்டத்தின் மீது எத்தகைய பற்று வேண்டும்!

நக்சலைட்டுகள் செய்யும் கொலைகள் கண்ணில் படவில்லையா என்று அவரிடமும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் முன்னின்று நடத்திய அக்கறையுள்ள குடிமக்கள் குழுவில் சேர்ந்து, இரு தரப்பு வன்முறையையும் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். 2004-இல் அரசும் நக்சலைட்டுகளும் ஹைதராபாத்தில் பேச உட்கார்ந்ததில் அந்தக் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அரசின் கொலையையும் ஆயுதக் குழுவின் கொலையையும் அவர் ஒரே தட்டில் வைக்க மறுத்தார். ஆயுதக் குழுவினரைப் பிடித்துத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவரே கொன்றால் மக்கள் யாரிடம் முறையிடுவது?

2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அவருடைய வாதத்தை ஏற்றது. மோதல் சாவில் வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு உண்மையா என்பதை நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விரைவில் நிறுத்திவைத்தது. 2010 டிசம்பர் 30 அன்று கண்ணபிரான் காலமானார். அவர் தேசியத் தலைவராக இருந்த மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்றது. யார் மீது பதிய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது. நெறிமுறைகளின் பெரிய ஓட்டை அதுதான்.

2019 டிசம்பரில் அதே ஹைதராபாத்துக்கு அருகில், பெண் மருத்துவர் ஒருவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் கைதான நால்வரைப் போலீஸார் சுட்டுக் கொன்றனர். மக்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்குகளைப் பார்த்துக் கொதித்த மக்களின் கோபம் பொய்யல்ல. ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டது என்றும், பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் 2022-இல் வெளியான அறிக்கையில் சொன்னது. இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க முடியாது. கொல்லப்பட்ட பெண்ணுக்கும் நீதி மறுக்கப்பட்டது அந்த நால்வரும் சுடப்பட்ட காலைப் பொழுதில்தான்.

தமிழ்நாட்டிலும் ரவுடி சுடப்பட்டால் கைதட்டல் கேட்கிறது. கோட்டாட்சியர் விசாரணை என்ற அறிவிப்போடு பேச்சு அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மோதல் சாவிலும் சுட்டவர் மீது தனியாக வழக்குப் பதிந்து, அதைச் சம்பவத்தோடு தொடர்பில்லாத வேறொரு பிரிவு விசாரிக்க வேண்டும் என்று மாநில அரசே ஆணையிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.