மலையேறிச் சென்ற வாத்தியங்கள்

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி இரவு ஜப்பானில் குன்மா மாகாணத்தின் தலைநகரான மாயெபாஷி குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாயிற்று. பத்து நாள் கழித்துச் சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் ஒலிக்க, யுத்தம் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில், அரிசிக்கும் அடுப்புக் கரிக்கும் ஜனங்கள் அலைந்துகொண்டிருந்த நாட்களில், மாயெபாஷிக்கு அண்டை ஊரான தாகாசாகியில் சங்கீதப் பிரியர்கள் சிலர் ஒன்றுகூடித் தங்கள் ஊருக்கென்று ஒரு சிம்பனி வாத்தியக் குழுவை ஸ்தாபித்தார்கள். தாகாசாகி நகர மக்கள் வாத்தியக் குழு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று குன்மா சிம்பனி இசைக்குழு என்று வழங்குவதும், அவ்வூரார் 'குன்க்யோ' என்று உரிமையோடு சுருக்கி அழைப்பதும் அதைத்தான்.

ஜப்பானிய சிம்பனிக் குழுக்களைப் பற்றி எழுதப் புகுவோர் வழக்கமாக டோக்கியோவிலிருந்தே தொடங்குவர், அது இயல்புதான். 1926-இல் கொனோயே ஹிதெமாரோ என்ற பிரபு வம்சத்துச் சங்கீத வித்வான் தொடங்கிய புதிய சிம்பனிக் குழு, 1951 முதல் என்.எச்.கே. ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் பெயரைத் தாங்கி, ஐரோப்பிய நடத்துநர்கள் பலரின் கீழ்ப் பயின்று, உலகத்தின் சிறந்த குழுக்களோடு சேர்த்துப் பேசப்படும் நிலையை எய்தியது சிறிய சாதனை அன்று. ஆயினும் பெருநகரமும், தேர்ந்த பயிற்சி பெற்ற கலைஞர்களும், வானொலியின் வருமானமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் உயர்ந்த சங்கீதம் உண்டாவது காரணத்திலிருந்து காரியம் பிறப்பதேயாகும். அத்தகைய காரணம் எதுவும் கண்ணுக்குத் தென்படாத ஓரிடத்தில் அது தோன்றி எண்பது ஆண்டுகள் நிலைத்திருக்கிறதென்றால், நம் சிந்தனைக்கும் மரியாதைக்கும் அதுவே முதற்கண் உரியது என்பது என் துணிபு.

தாகாசாகி பெரிய நகரம் அன்று. டோக்கியோவுக்கு வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், சமவெளி முடிந்து மலைகள் தொடங்கும் இடத்தில், பழைய கோட்டை ஒன்றைச் சுற்றி வளர்ந்த வியாபார ஊர் அது. பட்டுப்புழு வளர்ப்பும் பட்டு நூற்பும் அப்பிரதேசத்தின் புராதன ஜீவனம்; 1872-இல் அரசாங்கம் நிறுவிய டொமியோகா பட்டாலை அதே மாகாணத்தில்தான் இருக்கிறது. காஞ்சியிலிருந்து சென்றவரென்று நம்மவர் பலர் நம்பும் போதிதர்மரின் உருவத்தில் செய்யப்படும் 'தருமா' பொம்மைகளுக்கும் அந்த ஊர் பெயர் பெற்றது. அவருடைய பெயர் தாங்கிய ஷோரின்சான் ஆலயத்தின் வளாகத்தில்தான், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கட்டடக் கலைஞர் ப்ரூனோ டவுட் 1934 முதல் 1936 வரை ஒரு சிறு குடிலில் வசித்தார். அவரை ஆதரித்தவர் இனோவே ஃபுசாயிச்சிரோ. இளமையில் பாரிஸ் சென்று கலை பயின்று திரும்பி, குடும்பத்தின் கட்டட நிர்மாணத் தொழிலை நடத்திவந்த உள்ளூர்ச் செல்வர். வாத்தியக் குழுவுக்குத் தோன்றாத் துணையாக நின்றவரும் அவரே. நிர்வாகத்தைத் தோளில் சுமந்தவர் மருயாமா கட்சுஹிரோ என்பவர். ஒருவர் பொருளும் செல்வாக்கும் கொடுத்தார். மற்றவர் தம் ஆயுளையே கொடுத்தார் என்று சொல்வது மிகையாகாது.

தோற்றுப்போன தேசத்தில், வயிற்றுக்கே வழியில்லாத காலத்தில், பீத்தோவன் எதற்கு என்ற கேள்வி அன்று எழுந்திருந்தால் அதை அசட்டையாகத் தள்ளிவிட இயலாது. பசித்தவனுடைய கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். அந்தப் பதிலைக் குழுவினர் வாதத்தினால் சொல்லாமல் காரியத்தினால் சொன்னார்கள் என்பதே இந்த வரலாற்றின் உயிர்நாடி. 1947-இல் அது முழுநேரத் தொழிற்குழுவாக மாறியது. நிலையான அரங்கம் இல்லை, போதிய ரசிகர் கூட்டம் இல்லை, சம்பளத்துக்கு உறுதியும் இல்லை. அந்த நிலையில் அவர்கள், ரசிகர்கள் வருவார்களென்று காத்திராமல், அதே ஆண்டு முதல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களை நாடிப் புறப்பட்டார்கள். நடமாடும் சங்கீத வகுப்பு என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். குழந்தைகள் முன்னால் ஒவ்வொரு வாத்தியமாக எடுத்துக்காட்டி, அதன் தனிக் குரலைக் கேட்கச் செய்து, பிறகு எல்லாக் குரல்களும் ஒன்றாய்ச் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அவர்களே உணரும்படி வாசிப்பது அதன் நோக்கம். சங்கீத ஞானம் பரம்பரையாலோ பணத்தாலோ வருவது என்ற எண்ணத்துக்கு இதைக் காட்டிலும் தக்க மறுப்பு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வகுப்புகள் இன்றுவரை நடந்துவருகின்றன. அவற்றில் இதுகாறும் கேட்டிருக்கும் குழந்தைகளின் தொகை 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாகாணத்தின் இன்றைய ஜனத்தொகையே 20 லட்சத்துக்கு உட்பட்டது என்பதை உடன்வைத்து நோக்கினால், பாட்டனும் தந்தையும் பேரனும் ஒரே குழுவைத் தத்தம் பள்ளிப் பருவத்தில் கேட்டிருக்கக்கூடிய ஒரு நாட்டுப்புறத்தை நாம் கற்பனை செய்யலாம். அவர்களில் வாத்தியம் பயின்றவர் எத்தனை பேர் என்பது எனக்கு முக்கியமாகப்படவில்லை. கேட்கும் பாக்கியம் ஒருவனுக்கு அவன் பிறந்த கிராமத்தின் காரணமாக மறுக்கப்படலாகாது என்ற கொள்கை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஓய்வின்றி அனுஷ்டிக்கப்பட்டிருக்கிறது, அதுவே முக்கியம்.

இக்குழுவின் ஆரம்ப காலத்துச் சிரமங்களை ஜப்பான் முழுவதும் அறியச் செய்தது 1955-இல் இமாய் தாதாஷி இயக்கிய ஒரு திரைப்படம். 'இங்கே ஓர் ஊற்று உண்டு' என்பது அதன் பெயரின் பொருள். கிஷி கெய்கோவும் ஒகாதா எய்ஜியும் கலைஞர்களாகவும், கோபயாஷி கெய்ஜு நிர்வாகியாகவும் நடித்தார்கள். ஜப்பானிய நவீன சங்கீதத்தின் முன்னோடியான யமாடா கோசாகு தாமாகவே திரையில் தோன்றினார். வறுமையால் பிளவுபட்டும், கலைந்துவிடலாமா என்று தயங்கியும், மறுபடி வாத்தியங்களைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் ஏறியும் செல்லும் மனிதர்களை அந்தப் படம் மிகைப்படுத்தாமல் காட்டுகிறது. தொழுநோயாளர் இல்லத்தில் அவர்கள் வாசிக்கும் காட்சியும், மலைப்பள்ளிக் குழந்தைகள் வாழ்நாளில் இனி ஒருமுறை இத்தகைய சங்கீதத்தைக் கேட்பார்களோ என்னவோ என்று கலைஞர்கள் எண்ணும் காட்சியும் என் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை.

குழு நிலைபெற்ற பின்னர் அதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. கோட்டை இருந்த இடத்தில் 1961-இல் எழுந்த குன்மா சங்கீத மண்டபத்தை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்து, டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் நிர்மாணத்துக்காக ஃப்ராங்க் லாய்டு ரைட்டுடன் 1919-இல் ஜப்பான் வந்து, அந்த நாட்டையே தம் கர்மபூமியாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர். மடித்த காகிதத்தைப்போல் மடிப்பு மடிப்பாக வார்க்கப்பட்ட கான்கிரீட்டே சுவராகவும் கூரையாகவும் நின்று, நடுவில் தூண் எதுவும் இல்லாமல் ஏறத்தாழ 1,900 பேர் அமரும் மண்டபத்தைத் தாங்குகிறது. மெல்லிய தாள் மடிக்கப்பட்ட மாத்திரத்தில் பலம் பெறுவதைக் குழந்தைகளும் அறிவர், அந்த எளிய உண்மையின் மீதுதான் அத்தனை பாரமும் நிற்கிறது. செலவு 33 கோடி யென்னுக்கு மேல் ஆயிற்று. அதில் ஏறத்தாழ 10 கோடி யென் நகரத்து மக்கள் நன்கொடையாகக் கொடுத்தது. யுத்தம் முடிந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு சிறு நகரம் இதைச் செய்தது. மண்டபத்தருகே நாட்டப்பட்டிருக்கும் கல்லில், அக்காலத்துத் தாகாசாகி மக்கள் இதைக் கட்டினார்கள் என்று மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் அறிந்த கட்டடச் சாசனங்களுள் இதைவிடக் கௌரவமானது வேறில்லை.

சங்கீத ஸ்தாபனங்களை யார் போஷிப்பது என்ற பிரச்சினைக்கு இந்தக் கல்லே ஒரு விடை என்று நான் கருதுகிறேன். ஜப்பானிலேயே எதிர் உதாரணங்கள் உண்டு. 1956-இல் தொடங்கப்பெற்ற ஜப்பான் ஃபில்ஹார்மானிக் குழு, அதைத் தாங்கிநின்ற இரண்டு ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்கள் 1972-இல் ஒருசேரக் கையை விரித்துவிட்டபோது நிலைகுலைந்தது. ஒரு பகுதியினர் ஒஸாவா செய்ஜியோடு பிரிந்து புதிய குழு அமைத்தனர். எஞ்சியோர் தொழிற்சங்கமாக நின்று வழக்காடி, ஊர் ஊராகச் சென்று ரசிகர்களின் ஆதரவில் ஜீவித்து, 1984-இல்தான் சமரசத்தை எட்டினர். 1989-இல் ஒஸாகா மாகாண அரசாங்கம் நிறுவிய செஞ்சுரி குழு, சிக்கனம் பேசிய நிர்வாகம் வந்ததும் மானியத்தை இழந்து, 2011-இல் வேறு பெயரில் தனித்து நிற்க நேர்ந்தது. ஒரே எஜமானனை நம்பிய கலைக்கு அவனுடைய மனநிலையே விதியாகிவிடுகிறது. குன்மா குழுவும் மாகாணத்தின் மானியத்தையும் நகராட்சியின் மானியத்தையும் பெற்றே நடக்கிறது. டிக்கெட் வசூலை மட்டும் நம்பிச் சிம்பனிக் குழு பிழைப்பது அரிது. ஆனால் அந்த மானியத்தை நிறுத்தத் துணியும் எந்த அதிகாரியும், தன் பள்ளி நாட்களில் அக்குழுவைக் கேட்ட வாக்காளர்களின் முகத்தைப் பார்த்தே நிறுத்த வேண்டியிருக்கும். இந்த அரண் எந்தச் சட்டத்திலும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு நடந்த கால்கள் கட்டியது.

1994-இல் ப்ராக் நகரத்து வசந்த விழாவிலும் வியன்னாவிலும் அக்குழு வாசித்து வந்தது. தம் மண்டபத்தை வடிவமைத்த ரேமண்ட் பிறந்த பொஹீமிய மண்ணில் வாசித்தது அவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும். 1980 முதல் குசாட்ஸு வெந்நீர் ஊற்றுத் தலத்தில் நடக்கும் கோடைக்கால சங்கீத விழாவுக்கும் அதன் துணை உண்டு. இவை நல்ல செய்திகளே. எனினும் இவை இல்லாவிட்டாலும் என் மதிப்பு ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

2019-இல் தாகாசாகியில் இரண்டாயிரம் பேர் அமரும் புதிய கலையரங்கம் திறக்கப்பட்டு, குழு அங்கே குடிபெயர்ந்தது. ஒலி நயத்திலும் மேடை வசதியிலும் புதியது மேம்பட்டதுதான். கலைஞர்கள் அதற்கு முற்றிலும் உரியவர்கள், இந்த மாற்றத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. ரேமண்டின் மண்டபம் இனி என்னாவது என்பதுதான் கவலைக்குரியது. அதைக் காட்சிப்பொருளாகப் பூட்டிவைப்பதையும், பராமரிப்புச் செலவைக் காட்டி இடித்துவிடுவதையும் ஒருங்கே எதிர்க்க வேண்டும் என்பேன். மாகாணத்தின் மலைப்பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் குழந்தைகளை அழைத்துவந்து அங்கே அமர்த்தி, குழுவை அவர்களுக்காக அந்த மேடையில் வாசிக்கச் செய்வதற்கு நகராட்சி பணம் ஒதுக்கட்டும். நன்கொடை கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆசனங்களின் மீது உரிமை உண்டு.